சப்பான்காரர் ஒட்டிய பட்டு

ஜப்பானுக்கே போகாத ஜப்பான்காரர் ஒருவர் உலகத்தில் உண்டென்றால் அவர் எங்கள் பாகூரில்தான் இருந்தார். 'சப்பான்காரர்' என்றால் அந்த வட்டாரத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? பிறந்த கையோடு அந்தக் குழந்தையின் பெயரை எழுதியவரே அவர்தான். அதுவும் சும்மா எழுதவில்லை. பட்டு உறையிலிருந்து பேனாவை உருவி, பட்டு அட்டை போட்ட பதிவேட்டைப் பிரித்து எழுதினார். பிரெஞ்சுக்காரர் ஆண்ட அந்தக் காலத்தில் பாகூரைச் சுற்றிப் பிறந்தவர்கள், கூலிக்காரர் பிள்ளையோ குடித்தனக்காரர் பிள்ளையோ, அத்தனை பேரும் பட்டில்தான் பிறந்தார்கள் என்று நான் அடித்துச் சொல்வேன்.

அப்போது நான் பாகூர் மேரியில் குமாஸ்தா. மேரி என்றதும் மாதா கோயிலை நினைத்துவிட வேண்டாம். கொம்யூன் என்ற பஞ்சாயத்து அலுவலகத்துக்கு அந்த நாளில் அதுதான் பெயர். அதன் தலைவர் மேர். எங்கள் மேர் நெல்லும் கரும்பும் பயிரிடும் பெரிய விவசாயி. எந்தத் தகராறு வந்தாலும் "நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிடுவார். வந்த தகராறு இரண்டு நாள் வாசலில் காத்திருந்துவிட்டு, அலுத்துப்போய்த் தானாக வீட்டுக்குப் போய்விடும்.

எனக்கும் சப்பான்காரருக்கும் எதிரெதிர் மேஜை. வரி, வாய்க்கால், சாலை மராமத்து எல்லாம் என் பொறுப்பு. பிறப்பு, கலியாணம், இறப்பு மூன்றும் அவர் பொறுப்பு. "ஒனக்கு மண்ணு, எனக்கு மனுசன்" என்பார். ஆள் நெட்டையாக, ஒல்லியாக, மூங்கில் கழியில் கோட்டு மாட்டியதுபோல இருப்பார். விரலில் ஒரு பொட்டு மை பட்டால் எழுந்துபோய்ச் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டு வருவார். தான் கழுவினால் போதாது, பதிவுக்கு வருகிறவர்களும் கழுவ வேண்டும். அதற்காகவே வாசலில் ஒரு தவலையும் சொம்பும் வைத்திருந்தார். ஏர் ஓட்டிவிட்டு நேரே வரும் ஆளாக இருந்தால் முழங்கை வரை கழுவச் சொல்வார். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் வருகிறவர்கள் ஆனபடியால் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

அந்தப் பட்டும், அதனால் அவருக்கு அந்தப் பெயரும் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சப்பான்காரர் வாலிபத்தில் சைகோனுக்குப் போய்த் துறைமுகத்தில் நகல் எழுதும் வேலை பார்த்தவர். அதுவும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர்தான் என்பதால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அப்போது சைகோன் என்பது அடுத்த தெரு மாதிரி. ஊர் திரும்பும் சமயத்தில் மனைவிக்கு ஒரு பட்டுப் புடவை வாங்கிப் போக வேண்டுமென்று ஆசை. துறைமுகத்தையொட்டி ஒரு ஜப்பான்காரர் கடை. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் சுருட்டி வைத்திருந்த பட்டைப் பார்த்ததும் இவருக்குப் பேச்சு நின்றுவிட்டதாம். மயில்கழுத்து நிறம். அதில் தங்கத்தில் கொக்குகள், அலைகள், செவ்வந்திப் பூக்கள், நடுநடுவே நம்மூர்ச் சவுக்கு போல ஒரு மரம். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது, இருவருக்கும் பொதுவான பிரெஞ்சும் அரைகுறை. பெண்கள் கட்டுவதுதானே என்று இவர் கேட்டிருக்கிறார். ஆமாம், பெண்கள் கட்டுவதுதான் என்று அவரும் சொல்லியிருக்கிறார். எங்கே கட்டுவது என்று இவர் கேட்கவில்லை. கேட்காததை அவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, சொந்தபந்தமெல்லாம் கூடியிருக்க, சுருளை அவிழ்த்தார். அது பாட்டுக்கு உருண்டுகொண்டே போனது. நீளத்தில் குறையில்லை. அகலம் மட்டும் முக்கால் முழம்.

அவருடைய மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி அந்தப் பட்டைக் கையிலெடுத்து இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "இத நானு எங்க கட்டிக்கிறது, கழுத்துலயா?"

அத்தோடு விடவில்லை. மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த பாயிடம் போனார். இதே நிறத்தில் வேறு துணி சேர்த்து அகலம் கூட்ட முடியுமா என்று விசாரித்தார். பாய் அளந்து, தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பட்டு உயர்ந்த பட்டுதான், ஆனால் இதில் இடுப்புக்கு வார் தைக்கலாமே தவிர வேறெதுவும் ஆகாது என்று சொல்லிவிட்டார். பாய் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. ஜப்பானில் பெண்கள் உடுப்பின்மேல் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பட்டை அது. அண்ணி அதைக் கொண்டுவந்து சைகோன் பெட்டியில் போட்டு மூடினார். அதற்குப் பிறகு பல வருஷம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதாவது, சண்டை வரும்போது மட்டும்தான் எடுத்தார்.

மேரியில் வேலை கிடைத்த பிறகு சப்பான்காரருக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அந்தக் கடைக்காரரின் எழுது மேஜை. அவருடைய பேனா பட்டு உறையில் இருந்தது. மூக்குக்கண்ணாடி பட்டுக் கூட்டில் இருந்தது. பேர் அச்சடித்த சீட்டுகளுக்கும் ஒரு பட்டுப் பை. உடுப்புக்கு வெட்டியதுபோக மிஞ்சும் பட்டையெல்லாம் அந்த நாட்டில் எழுதுகிற சாமான்களுக்கு உறையாக்கி, அன்றாடம் புழங்குவார்களாம். கூடவே இன்னொரு சங்கதியும் அந்தக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்தப் பட்டில் மின்னுகிற சரிகை, உலோகக் கம்பி அல்ல. மெல்லிய காகிதத்தில் தங்கத் தகட்டை ஒட்டி, அந்தக் காகிதத்தை மயிரிழையாக அறுத்து நெய்வது.

"கேட்டியா தம்பி, இதுல பாதி காகிதம்" என்றார் என்னிடம். "காகிதத்த காகிதத்தோட சேக்கறதுதானே மொற?"

சேர்க்கத் தொடங்கினார். ஊசியைக் கையால் தொட்டறியாத மனிதர் அவர். முதலில் தைத்த பேனா உறைக்குள் பேனா சுலபமாகப் போனது; வெளியே வரத்தான் மறுத்துவிட்டது. இரண்டு நாள் பென்சிலில் எழுதினார். மூன்றாவது உறை சரியாக வந்தது. பிறகு கண்ணாடிக் கூடு, குண்டூசி மெத்தை, மை ஒற்றும் கட்டை, முத்திரைப் பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் பட்டு ஏறியது. கடைசியில் பிறப்புப் பதிவேட்டின் அட்டைக்கே ஏறிவிட்டது. அதை ஒட்டுவதற்கு அலுவலகத்துப் பின்கட்டில் குமுட்டி அடுப்பு வைத்து, தானே மாவுப் பசை காய்ச்சினார். ஒருநாள் வரப்பெல்லாம் சுற்றிவிட்டுக் களைத்துப்போய் வந்த மேர், சட்டியைத் திறந்து பார்த்து, கஞ்சி என்று நினைத்து ஒரு தம்ளர் கேட்டார். சப்பான்காரர் மறுக்காமல் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டிவிட்டு, பணிவாகச் சொன்னார்: "உப்பு போடலீங்க ஐயா. பூச்சி அரிக்காத இருக்க மயில்துத்தம்தான் போட்டிருக்கேன்." மேர் அன்றிலிருந்து பின்கட்டுப் பக்கமே போவதில்லை.

பிறப்புப் பதிவேட்டுக்குப் பட்டு, மற்ற இரண்டுக்கும் காடாத் துணி என்றுதான் முதலில் இருந்தது. சோரியாங்குப்பத்திலிருந்து ஒரு விவசாயி, அப்பா இறந்ததைப் பதிய வந்தார். பக்கத்திலே பிறப்புப் பதிவேடு ஜொலித்துக்கொண்டிருந்தது. அவர் இதையும் அதையும் மாறிமாறிப் பார்த்தார். "எங்கப்பா மட்டும் இன்னா பாவம் பண்ணாரு?" என்று கேட்டார்.  வாரம் முடிவதற்குள் இறப்புக்கும் கலியாணத்துக்கும் பட்டு ஏறிவிட்டது. விவசாயியைச் சொல்லியனுப்பி வரவழைத்துக் காட்டினார். அவர் அட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

ஊரில் தேர் வந்தபோது, மிஞ்சியிருக்கிற பட்டைச் சாமிக்குச் சாத்தத் தரலாமே என்று சிலர் கேட்டுவந்தார்கள். சப்பான்காரர் முடியாது என்றார். அவருக்குச் சாமிபக்தி குறைவு என்று சொல்ல முடியாது. தினமும் விபூதி இட்டுக்கொள்பவர்தான். "சாமிக்குச் சாத்தினா வருசத்துல ஒரு நாளு. மிச்ச நாளெல்லாம் பொட்டியில கெடக்கும். பட்டு தெனம் கைபடணும்பா" என்றார். வழக்கு மேரிடம் போனது. மேர், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அதற்குள் தேர் நிலைக்கு வந்துவிட்டது.

இப்படியே அமைதியாகப் போயிருக்கும். யுத்தம் வந்தது. ஜப்பானும் எதிரியாகச் சண்டையில் இறங்கியது. கடற்கரை ஊர்களில் எல்லாம், ஜப்பான்காரன் எந்த நேரமும் கரையிறங்கலாம் என்று ஒரே பேச்சு. அந்த நேரம் பார்த்து எங்கள் சப்பான்காரர் பனித்திட்டுக்குச் சைக்கிளில் கிளம்பினார்.

பனித்திட்டு மீனவக் குப்பம். கடலுக்குப் போகிறவர்களுக்குக் கெடுவுக்குள் வந்து பிறப்பைப் பதிய நேரம் இருக்காது என்று, அவ்வப்போது இவரே பதிவேட்டைப் போட்ட பட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்வருவார். அன்றைக்குக் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் இவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். சப்பான்காரரு வந்துட்டாரு, பிள்ளை பிறந்த வீட்டுக்காரர்களெல்லாம் வாருங்கள் என்று குரல் கொடுத்தாள். கடற்காற்றில் முதல் பாதி போய்ச் சேர்ந்தது. இரண்டாம் பாதி போகவில்லை. வெளியூரிலிருந்து விருந்தாட வந்திருந்த சிலர் அலறியடித்துச் சவுக்குத் தோப்புக்குள் ஓடினார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்து, சப்பான்காரரை நன்றாகத் தெரிந்த உள்ளூர் ஆட்களும் ஓடினார்கள். என்ன ஏதென்று புரியாமல் சப்பான்காரரும் சைக்கிளைப் போட்டுவிட்டு அவர்களோடு ஓடினார். தோப்புக்குள் ஒளிந்திருந்தபோது பக்கத்தில் பதுங்கியிருந்தவரிடம், யார் வருகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். 'சப்பான்காரரு' என்று பதில் வந்தது.

சேதி பாகூர் வந்தபோது ஜப்பான்காரன் பனித்திட்டில் இறங்கிவிட்டான். புதுச்சேரிப் பட்டணம் போய்ச் சேர்ந்தபோது கப்பலோடு இறங்கியிருந்தான். அங்கே விசாரித்து, உண்மை தெரிந்து, எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, யாரோ ஒருவர் மட்டும் சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: ஜப்பான்காரர் என்று பெயர் வாங்கிய ஆள் அரசாங்க அலுவலகத்தில் என்ன செய்கிறார்?

கொஞ்ச நாளில் பட்டணத்திலிருந்து ஓர் அதிகாரி மோட்டாரில் வந்து இறங்கினார். தமிழர்தான். தொப்பி, டை, கறாரான முகம். பிரெஞ்சு வழக்கப்படி அவரை 'முசே' என்றுதான் கூப்பிட வேண்டும். சப்பான்காரரின் மேஜையில் இருந்ததையெல்லாம் வரிசையாகப் பரப்பச் சொன்னார். பார்க்கப் பார்க்க அவர் புருவம் மேலே ஏறிக்கொண்டே போனது. இது எதிரி நாட்டுச் சரக்கா என்று கேட்டார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக மேர் எதையும் நாளைக்குத் தள்ளிப்போடவில்லை. இது காஞ்சிபுரம் பட்டு என்று உடனே பதில் சொன்னார். சேதி தெரிந்து கடையை விட்டு ஓடிவந்திருந்த பாய், தானே காஞ்சிபுரத்திலிருந்து தருவித்துக் கொடுத்ததாகச் சாட்சி சொன்னார். வரி கட்ட வந்திருந்த சோரியாங்குப்பத்து விவசாயி, அட்டையிலிருக்கும் கொக்கு பாகூர் ஏரிக் கொக்குதான் என்றும், அந்த மரம் சவுக்குதான் என்றும், வேண்டுமானால் கூட்டிப்போய்க் காட்டுவதாகவும் சொன்னார். பாய் கொடுத்த ரசீதை என் கண்ணாலேயே பார்த்தேன் என்று நானும் என் பங்குக்கு ஒரு போடு போட்டேன். அதிகாரிக்கும் வெயிலுக்கு முன்னால் பட்டணம் திரும்ப வேண்டும். தலையை ஆட்டிவிட்டுப் பேனாவை மூடினார்.

சப்பான்காரர் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் சும்மா இருப்பது ஒன்றுதான்.

"காஞ்சிபுரத்துல இது வராதுங்க முசே" என்றார்.

மேர் இருமினார். பாய் விட்டத்தைப் பார்த்தார்.

"காஞ்சிபுரத்து சரிக வெள்ளிக் கம்பி. இது காகிதம். பாருங்க." பேனா உறையின் ஓரத்தில் பிரிந்திருந்த ஓர் இழையை இழுத்து, நகத்தால் நீவி, விரித்துக் காட்டினார். பிள்ளைக்கு முளைத்த முதல் பல்லைக் காட்டும் தகப்பனுக்குக்கூட அவ்வளவு பெருமை இருக்காது.

அப்படியானால் இது எந்த ஊர்ப் பட்டு என்று அதிகாரி கேட்டார்.

"சப்பானுங்க."

அதிகாரி பேனாவை மறுபடி திறந்தார்.

பட்டுச் சாமான் அத்தனையும் மூட்டையாகக் கட்டப்பட்டு மேரியின் அலமாரியில் பூட்டப்பட்டது. சப்பான்காரரை மறு உத்தரவு வரும்வரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். மோட்டார் போன பிறகு மேர் தலையில் கைவைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று கேட்டார். 

"ஒருத்தன் பெத்தத இன்னொருத்தன் பேர்ல எழுத சொல்றீங்களே ஐயா. அத எப்பிடி எழுதறது?" என்றார் சப்பான்காரர்.

மேர் ஒரு புதுப் பதிவேட்டை எடுத்து என் மேஜையில் வைத்தார். 

பிறப்புப் பதிவு என் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து பாகூர் கொம்யூனில் குழந்தை பிறப்பது நின்றுபோனது. பிறந்துகொண்டுதான் இருந்தன, தெருவெல்லாம் தூளி தொங்கியது. பதிய மட்டும் யாரும் வரவில்லை. வருகிறவர்கள் வாசலில் கை கழுவுவார்கள், உள்ளே வந்து மொட்டையாகக் கிடக்கும் புதுப் பதிவேட்டைப் பார்ப்பார்கள், சப்பான்காரர் எப்போது வருவார் என்று கேட்பார்கள். தெரியாது என்றால், அவர் வந்த பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கெடு தாண்டினால் அபராதம் என்று நான் மிரட்டிப் பார்த்தேன். யாரும் மிரளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு மூன்றாவது பெண் பிறந்தாள். நானே பிறப்புக் குமாஸ்தா, நானே தகப்பன். பேனாவும் முத்திரையும் என் கையில். மாலையில் வீட்டுக்குப் போய், நாளைக்குப் பதிந்துவிடுகிறேன் என்றேன். என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல், "மூத்ததுங்க ரெண்டுக்கும் அவருதான எழுதனாரு? இதுக்கும் அவரே வந்து எழுதட்டும்" என்று சொல்லிவிட்டாள். சொந்தப் பிள்ளையைக் கெடுவுக்குள் பதியாத பிறப்புக் குமாஸ்தா பிரெஞ்சு ராஜ்யத்திலேயே நான் ஒருவன்தான்.

இடையில் சப்பான்காரரைப் போய்ப் பார்த்துவருவேன். கூடத்தில் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முழங்காலில் வைப்பார், எடுப்பார், மறுபடி வைப்பார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அலமாரியில் ஈரம் இறங்குகிறதா, மூட்டையில் வசம்பு போட்டு வைத்தார்களா என்பதுதான் கேள்வி. அடுப்பங்கரையிலிருந்து அண்ணி, "அந்தக் கழுத்துத் துணிக்கு வசம்பு ஒண்ணுதான் கொறச்சல்" என்பார். அவர் சிரிக்க மாட்டார். முன்பெல்லாம் சிரிப்பார். ஒருநாள் அண்ணி அடுப்பை விட்டு எழுந்துவந்து, கதவருகே நின்று அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறப்பே இல்லாத கொம்யூனைப் பற்றிப் பட்டணத்தில் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்கள். பாகூரில் ஏதாவது தொற்றுநோயா என்று கேட்டுக் கடிதம் வந்தது. அதே அதிகாரி மறுபடி மோட்டாரில் வந்தார். சப்பான்காரரையும் வரவழைத்தார். அவரைப் பட்டணத்துக்கு அனுப்பி முறையாக விசாரிப்பதா, அல்லது வேலையை விட்டே நீக்கிவிடுவதா என்று மேரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அண்ணி உள்ளே வந்தார். நடவுக்கு ஆள்விட்ட வயலிலிருந்து நேரே வந்திருந்தார். காலெல்லாம் சேறு. வாசல் தவலையில் கைகூடக் கழுவவில்லை.

"அலமாரியில இருக்கறது என் பொடவைங்க" என்றார்.

அதிகாரி மூட்டையை அவிழ்க்கச் சொன்னார். கண்ணாடிக் கூட்டையும் குண்டூசி மெத்தையையும் எடுத்து வைத்து, இதில் புடவை எங்கே என்று கேட்டார்.

"எனக்குன்னுதான் சைகோன்லேந்து வாங்கியாந்தாரு. எனக்குப் புடிக்கல, பொட்டியில போட்டேன். அத இவரு எடுத்து வெட்டி இங்க கொண்டாந்து ஒட்டிட்டாரு. பொண்டாட்டி பொடவைய வெட்டுன மனுசன இன்னா பண்றதுன்னு நான் பாத்துக்கறேன். பொடவைய குடுங்க."

நான் சப்பான்காரரைப் பார்த்தேன். அவர் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைகோன் கடையில் அந்தப் பட்டை முதன்முதலில் பார்த்தபோது அவர் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

சாட்சிக்குப் பாயைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மாள் இந்தப் பட்டை எடுத்துக்கொண்டு வந்து அகலம் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டது நிஜம்தான் என்றார் பாய். போன தடவை பொய் சொன்னபோது மடமடவென்று சொன்ன மனிதர், இந்த முறை உண்மை என்பதால் கொஞ்சம் தடுமாறினார்.

அதிகாரி மறுபடி பேனாவைத் திறந்தார். சண்டைக்கு முன்னால் வாங்கி வந்த, ஒரு பெண்ணுக்குச் சொந்தமான துணி. அதை அரசாங்கம் பூட்டி வைத்திருப்பதைவிட, பாகூரில் பிள்ளைகள் பிறப்பது அவருக்கு முக்கியமாகப் பட்டிருக்க வேண்டும். அழகான பிரெஞ்சில் ஓர் உத்தரவு எழுதினார். 'பல துண்டுகளாக உள்ள ஒரு புடவை' உரியவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. மனைவியின் உடைமையை அரசாங்கச் சாமான்கள்மீது ஒட்டியதற்காகக் குமாஸ்தா கண்டிக்கப்படுகிறார். இனி அலுவலகத்தில் பட்டு கூடாது. நாளையிலிருந்து அவர் வேலைக்கு வரலாம்.

பதிவேடுகளிலிருந்து பட்டைப் பிரிக்கும் வேலையைச் சப்பான்காரரே செய்தார். ஈரத்துணி வைத்துப் பசையை ஊறவிட்டு, ஓர் இழை பிசிறாமல் உரித்தார். அண்ணி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக வாங்கி மடித்துக்கொண்டார். பிறகு மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் முன்னே நடக்க, இவர் பின்னே போனார். வாய்க்கால் பாலத்தருகே அண்ணி திரும்பி ஏதோ சொன்னார். இவர் நின்று சிரிப்பது எனக்கு மேரி வாசலிலிருந்து தெரிந்தது. என்ன சொன்னார் என்று மறுநாள் கேட்டேன்.

"அகலம் பத்தலன்னா சைகோன் போயி வேற மாத்தி வாங்கியாறதுதானேன்றா" என்றார்.

அந்தப் பட்டு அதற்குப் பிறகு மேரிக்கு வரவில்லை. ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். அண்ணி பேனா உறையில் வெற்றிலை வைத்திருந்தார். கண்ணாடிக் கூட்டில் சுண்ணாம்பு டப்பி. குண்டூசி மெத்தையில் தைக்கிற ஊசிகள். எனக்கு மனசு பொறுக்கவில்லை. இப்படிச் செய்யலாமா என்று சப்பான்காரரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ பெரிய ரகசியத்தைச் சொல்வதுபோல, "தெனம் தொடறா தம்பி" என்றார்.

அவர் வேலைக்குத் திரும்பிய காலையில் மேரி வாசலில் திருவிழாக் கூட்டம். பனித்திட்டிலிருந்தும் சோரியாங்குப்பத்திலிருந்தும் கைக்குழந்தைகளோடு ஜனங்கள். தவலையில் தண்ணீர் தீர்ந்து மறுபடி மறுபடி நிரப்பினோம். அபராதம் போடலாமா என்று கேட்டதற்கு மேர், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். வரிசையில் முதல் ஆளாக நின்றவள் என் மனைவி. சப்பான்காரர் சட்டைப் பையிலிருந்து வெறும் பேனாவை எடுத்தார். கூட்டம் அதை எட்டிப் பார்த்தது. அவர் பேனாவைத் துடைத்தார், கையைக் கழுவிவிட்டு வந்தார், குழந்தையின் கன்னத்தைத் தொட்டார், பெயர் என்ன என்று கேட்டார். வசந்தா என்று சொன்னோம். எழுதினார். அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷத்தில் கண் கலங்கியிருந்தது. எழுத்தைச் சரியாகப் பார்த்தாரோ என்னவோ.

பிரெஞ்சில் அந்தப் பெயருக்கு நடுவில் இரண்டு 'எஸ்' போட வேண்டும். ஒன்றே ஒன்று போட்டால் உச்சரிப்பு 'ஜ'வுக்கு வழுக்கிவிடும். சப்பான்காரர் ஒன்றுதான் போட்டிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து கலியாணப் பதிவு வரை, பிரெஞ்சு படித்தவர்களெல்லாம் என் பெண்ணை 'வஜந்தா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் அப்பா, நீங்கள் அந்த அலுவலகத்திலேயே இத்தனை வருஷம் இருந்தீர்களே, ஒரு மனுப் போட்டுத் திருத்தக் கூடாதா என்று பலமுறை கேட்டுவிட்டாள்.

திருத்தலாம். சப்பான்காரர் ஓய்வு பெற்ற பிறகு அந்த மேஜைக்கு நான்தான் வந்தேன். அரைநாள் வேலை. எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். அவள் பெயர் இருக்கும் பக்கத்தையும் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். அவர் கையெழுத்து அதில் அவ்வளவு நன்றாக இருக்கும். பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவேன்.